கியர்த் தண்டின் உயரமும் இடமும்
டிராக்டர் வாங்குவோரும் வைத்திருப்போரும் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்

ஏர் பிடிக்கும் குடியானவர் எவரும் பிறர் மேழியைக் கொண்டு மனமொப்பி உழுததில்லை. கலப்பை செய்யும் தச்சர், உழுபவரை எதிரே நிறுத்தி, அவர் கை இயல்பாகத் தொங்கும் இடத்தைப் பார்த்து மேழியின் உயரத்தைத் தீர்மானிப்பதே வழக்கம். உயரம் குறைந்தால் உழுபவர் நாள் முழுதும் குனிய வேண்டும்; மிகுந்தால் கையின் பாரம் கொழுவில் இறங்காது, சால் ஆழப்படாது. கிராமத்தில் எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சிறு உண்மையை, ஏருக்குப் பதிலாக டிராக்டரை வாங்கும்பொழுது நம்மில் பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம். குதிரைச் சக்தி எவ்வளவு, டீசல் எவ்வளவு குடிக்கும், தவணை எத்தனை என்று விசாரிப்பவர்கள், கியர்த் தண்டு ஓட்டுபவரின் கைக்கு எட்டுகிறதா என்று விசாரிப்பதில்லை. "கியர் ராடு" என்று ஓட்டுபவர்கள் சொல்லும் அந்த ஒன்றரையடி இரும்பைப் பற்றியதே இக்கட்டுரை.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையிலுள்ள பிரம்மதேசத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் உதாரணமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. முன்னாளில் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1993 முதல் விழுப்புரம் ஜில்லாவில் அடங்கிய இப்பகுதியில், ஒரே டிராக்டர் ஓர் ஆண்டுக்குள் பலவிதமான வேலைகளைச் செய்கிறது. மேட்டு நிலங்களில் மணிலாவுக்கும் தர்பூசணிக்கும் கொத்துக் கலப்பை இழுக்கிறது. ஏரிப் பாசன நஞ்சையிலும் கழுவெளியை அடுத்த களிநிலங்களிலும் இரும்புச் சேற்றுச் சக்கரம் பூண்டு சேறு கலக்குகிறது. சவுக்குக் கட்டை ஏற்றுகிறது. வேனிற்காலத்தில் மரக்காணத்து உப்பளங்களிலிருந்து டிரெயிலரில் உப்பு இழுக்கிறது. உழவுக்கு மெதுவான கியர், சாலைக்கு வேகமான கியர், சேற்றில் திரும்புவதற்கு அடிக்கடி பின்கியர் என்று, கை அந்தத் தண்டை விட்டு அகலாத வேலைகள் இவை. அன்றியும் இது உப்புக் காற்று வீசும் பிரதேசம். அதனால் இத்தண்டுக்கு நேரும் சங்கடங்கள் உள்நாட்டுக் குடியானவருக்கு இல்லாதவை. அவற்றைப் பின்னர் சொல்லுவோம்.

முதலில் தண்டின் தொழிலை அறிந்துகொள்ளுதல் நலம். கியர்ப் பெட்டியின் மூடியிலோ அதன் பக்கத்திலோ ஒரு குண்டு மூட்டில் தண்டு நிற்கிறது. மூட்டுக்கு மேலே கைப்பிடிக் குமிழ். கீழே ஒரு சிறு விரல். அந்த விரல் பெட்டிக்குள் உள்ள கவைகளில் ஒன்றைத் தள்ளுகிறது. கவை பற்சக்கரத்தையோ அதைப் பிணைக்கும் வளையத்தையோ நகர்த்துகிறது. ஆகவே இது ஒரு நெம்புகோலே. மூட்டுக்கு மேல் 15 அங்குலமும் கீழ் 3 அங்குலமும் உள்ள தண்டில் கை ஐந்து பங்கு தூரம் நகர்ந்தால் கவை ஒரு பங்கு நகரும். கவை அரை அங்குலம் போக வேண்டுமானால் குமிழ் இரண்டரை அங்குலம் போக வேண்டும். அதற்குக் கை 8 கிலோ பலத்தைச் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். தண்டை மேலே 20 அங்குலமாக நீட்டினால் 6 கிலோ பலம் போதும். ஆனால் குமிழ் மூன்றே கால் அங்குலத்திற்கு மேல் ஓட வேண்டும். 12 அங்குலமாகக் குறைத்தால் இரண்டு அங்குலம் நகர்த்தினாலே கியர் விழும்; ஆனால் 10 கிலோ பலம் வேண்டும். தூரத்தைக் குறைத்தால் பலம் கூடும், பலத்தைக் குறைத்தால் தூரம் கூடும். இரண்டையும் ஒருங்கே குறைத்துத் தருவதாக எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

தண்டு நீண்டிருப்பதில் மற்றொரு தீங்கும் உண்டு. கைக்கு லேசாகத் தோன்றும் அதே தள்ளல், பெட்டிக்குள் உள்ள கவையை அதிக பலத்துடன் தாக்குகிறது. பல் சேராமல் கரகரக்கும்பொழுது பொறுமையிழந்து தள்ளுபவரின் கையில் நீண்ட தண்டு இருந்தால், வளைவது தண்டல்ல, உள்ளேயிருக்கும் கவைதான். வெளியே தெரியாத அந்தச் சேதத்தைச் சரிசெய்யப் பெட்டியையே பிரிக்க வேண்டும்.

உயரத்திற்கு அளவு யாது? தண்டை மட்டும் தனியே அளந்து சொல்லும் அளவு ஒன்றுமில்லை. ஓட்டுபவரின் இருக்கையிலிருந்தே அதை அளக்க வேண்டும். யந்திர நிபுணர்களும் அவ்வாறே செய்கிறார்கள்: இருக்கையில் ஒரு குறிப்பிட்ட புள்ளியை நிர்ணயித்து, மிதிகள், சக்கரம், தண்டுகள் யாவும் அப்புள்ளியிலிருந்து எவ்வளவு முன்னே, எவ்வளவு மேலே, எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று கணக்கிடுவதற்குச் சர்வதேச விதியே ஏற்பட்டிருக்கிறது. நமக்கு அவ்வளவு நுட்பம் தேவையில்லை. முதுகு இருக்கையின் சாய்வில் பட்டவாறே அமர்ந்து, கிளச்சு மிதியை முழுவதும் அழுத்திய நிலையில், தோள் முன்னே வராமல் குமிழைப் பிடிக்க முடிய வேண்டும். அப்பொழுது முழங்கை சற்றே மடங்கியிருத்தல் வேண்டும். கை விறைத்து நீண்டிருந்தால் தண்டு தூரம், முழங்கை விலாவை ஒட்டிப் பின்னே போனால் தண்டு அருகு. குமிழ் முழங்கைக்குச் சிறிது கீழே இருப்பது உத்தமம். தோளுக்கு அருகே உயர்ந்து நிற்கும் தண்டு கையைத் தூக்கியே வைத்திருக்கச் செய்து களைப்பு உண்டாக்கும். முழங்காலுக்குக் கீழே தாழ்ந்து நிற்கும் தண்டோ ஓட்டுபவரின் தலையையும் கூடவே தாழ்த்தும். அதுவே மிகப் பெரிய கெடுதல். கியர் மாற்றும் அந்த விநாடிதான் வண்டி திரும்பும் விநாடி, அல்லது மேடேறும் விநாடி, அல்லது சாலையில் எதிரே ஒருவர் வரும் விநாடி. அப்பொழுது கண் கீழே இருக்கலாகாது.

நமது நாட்டில் இக்குறை அதிகமாகக் காணப்படுவதற்குக் காரணம், இங்கு வந்த முதல் டிராக்டர்களின் அமைப்பு வெளிநாட்டாரின் உடலளவை அனுசரித்தது என்பதே. போபாலிலுள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம், பல மாகாணங்களின் விவசாயத் தொழிலாளர்களை அளந்து எழுபத்தொன்பது உடலளவுகளைத் தொகுத்து 2009-இல் புத்தகமாக வெளியிட்டது. நமது கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இவ்வித ஆராய்ச்சியில் பங்குகொண்ட நிலையமாகும். நம் உழவுத் தொழிலாளி ஆணின் சராசரி உயரம் ஏறக்குறைய ஐந்தடி நான்கரை அங்குலம். வடமேற்கு ஐரோப்பாவின் ஆண்கள் சராசரியாக இதைவிட நாலைந்து அங்குலம் உயர்ந்தவர்கள். உயரத்தில் நாலைந்து அங்குலம் என்றால் கைநீளத்தில் இரண்டு அங்குலமாவது குறையும். எட்டாத குமிழை எட்ட அந்த இரண்டு அங்குலத்திற்காக ஒவ்வொரு முறையும் முதுகை வளைக்க நேர்கிறது. வயல் வேலைக்கு டிராக்டர் ஓட்டப் பெண்களும் முன்வரும் இக்காலத்தில் இது இன்னும் அதிகமாகக் கவனிக்கத்தக்கது.

"ஒரு முறை குனிவதில் என்ன வந்துவிட்டது?" என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐம்பது மீட்டர் அகலமும் எண்பத்தொரு மீட்டர் நீளமும் உள்ள வயல் ஒரு ஏக்கர். ஒன்றரை மீட்டர் அகலமுள்ள ரோட்டவேட்டரால் நீளவாக்கில் ஓட்டினால் முப்பத்துமூன்று நடை. நடுவே முப்பத்திரண்டு திருப்பம். வரப்போரத்தில் இடம் குறுகியிருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு முறை பின்கியர், மறுபடி ஒரு முறை முன்கியர். ஆக ஏக்கருக்கு அறுபத்துநான்கு மாற்றம். வாடகைக்கு ஓடும் டிராக்டர் நாளொன்றுக்கு ஆறு ஏக்கர் ஓட்டினால் ஏறக்குறைய நானூறு முறை கியர் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு விநாடி வீணானால் மொத்தம் பதின்மூன்று நிமிஷமே நஷ்டம், அது அற்பம். நானூறு முறை இடுப்பை முறுக்கிக் குனிந்து நிமிர்ந்தவரின் முதுகு நோவு அற்பமன்று. மாலையில் களைத்த ஓட்டி, கியரை முழுவதும் தள்ளாமல் பாதியில் விடத் தொடங்குகிறார். பாதி விழுந்த கியரில் பற்கள் முனையில் மட்டும் பற்றி ஓடி மொக்கையாகின்றன. பிறகு பாரம் கூடும்பொழுது தானே நழுவி வெளியே வந்துவிடும். மெக்கானிக்கிடம் போய் "கியர் நிற்கவில்லை" என்று முறையிடும் சொந்தக்காரர், அந்த வியாதி இருக்கையிலிருந்து தொடங்கியது என்பதை அறிவதில்லை.

இனி, தண்டு எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். டிராக்டர்களில் இருவித அமைப்புகள் உண்டு. ஒன்று, ஓட்டுபவரின் இரு கால்களுக்கும் நடுவே, பெட்டியின் மூடியிலிருந்து நேராக எழுவது. மற்றொன்று, இருக்கையின் பக்கத்தில், இடப்புறமோ வலப்புறமோ அமைவது. நடுத்தண்டே பழையது. ஹாரி பெர்குஸன் அமைத்ததும், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்திலுள்ள கவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டதுமான டி.இ.20 என்னும் சிறு டிராக்டரில் தண்டு நடுவில்தான் இருந்தது. அதன் வழிவந்த மாஸி பெர்குஸன் டிராக்டர்களைச் செய்வதற்காகவே சென்னையில் 1960-இல் டாஃபே கம்பெனி ஏற்பட்டது. நமது பகுதிகளில் பல்லாண்டு உழைத்த வண்டிகளில் பெரும்பாலானவை இந்நடுத்தண்டு வகையைச் சேர்ந்தவையே.

பெர்குஸனின் அந்தப் பழைய டிராக்டரில் ஒரு விசேஷம் இருந்தது. அதை இங்கே குறிப்பிடாமலிருக்க முடியவில்லை. அதில் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்குத் தனிப் பொத்தான் கிடையாது. கியர்த் தண்டையே "எஸ்" என்று குறித்த இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுழலும். தண்டு அங்கே இருக்கும்பொழுது வேறெந்தக் கியரிலும் இருக்க முடியாதாகையால், கியரில் நிற்கும் வண்டி திடீரெனக் கிளம்பி ஓடுவது என்பது அதில் நேராது. தண்டின் இடத்தை வைத்தே உயிருக்குக் காவல் அமைத்த அந்த யுக்தியை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். இக்காலத்து டிராக்டர்களில் இதே வேலையைக் கிளச்சு மிதியின் அடியிலோ கியர்ப் பெட்டியிலோ உள்ள ஒரு சிறு சுவிட்சு செய்கிறது. ஆனால் பாட்டரி இறங்கினாலோ அந்தச் சுவிட்சு துருப்பிடித்தாலோ, கீழே நின்றபடியே ஸ்டார்ட்டரின் முனைகளைத் திருப்புளியால் சேர்த்து எஞ்சினைக் கிளப்பும் வழக்கம் கிராமங்களில் இருக்கிறது. தண்டு கியரில் இருந்தால், பின்சக்கரம் முதலில் ஏறுவது சக்கரத்தின் எதிரே நிற்கும் அந்த மனிதர்மீதே. இவ்விதம் கிளப்புவதைச் சொந்தக்காரர்கள் ஒருபொழுதும் அனுமதிக்கலாகாது. தண்டு நடுநிலையில் நிற்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், இருக்கையில் ஏறி அமர்ந்து கையால் இருபுறமும் அசைத்துப் பார்ப்பதே சரியான வழி.

நடுத்தண்டின் அனுகூலம் அதன் எளிமை. தண்டுக்கும் கவைக்கும் இடையே வேறு கம்பியோ மூட்டோ இல்லை. கை செய்வது பெட்டிக்கு நேரே தெரிகிறது, பெட்டியில் நடப்பது கைக்குத் தெரிகிறது. பல் சேர்ந்ததும் கையில் ஒரு சிறு தட்டு உணரலாம். பிரதிகூலங்களும் உண்டு. கால்களை அகற்றி வைத்தே உட்கார வேண்டும். ஏறி இறங்கத் தண்டு தடையாக நிற்கிறது. வேட்டியோ லுங்கியோ கட்டி ஓட்டுபவருக்கு இது உண்மையாகவே அபாயம்: அவசரமாக இறங்கும்பொழுது துணி குமிழில் மாட்டித் தண்டை இழுக்கும்; எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கியர்ப் பெட்டியின் சூடும் கால்களுக்கு நடுவே வந்துகொண்டிருக்கும். வேட்டியை மடித்துக் கட்டினால் போதாது; டிராக்டர் ஓட்டுவதற்குக் கால்சட்டையே ஏற்ற உடை.

பக்கத் தண்டு உள்ள டிராக்டரில் கால் வைக்கும் தளம் வெறுமையாக, தடையின்றி இருக்கும். சேற்றுக் காலோடு ஏறி இறங்க வசதி. கை தோளிலிருந்து இயல்பாகத் தொங்கும் இடத்திலேயே குமிழ் அமைவதால் குனிய வேண்டியதில்லை. ரோட்டவேட்டர் ஓட்டுபவர் பாதி நேரம் பின்னே திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்நிலையிலும் கண்ணால் தேடாமல் கையே குமிழைக் கண்டுகொள்ளும். எனது அபிப்பிராயத்தில், சேற்றுழவுக்கும் வாடகை உழவுக்கும் பக்கத் தண்டே சிறந்தது. ஆயினும் மட்கார்டின்மேல் ஆளை ஏற்றிக்கொள்ளும் தீய வழக்கம் இதில் இருமடங்கு தீங்கு செய்யும். அங்கே உட்காருபவரின் முழங்கால் தண்டின் ஓட்டத்திற்குள் வந்துவிடும். ஓட்டுபவர் பின்கியரைத் தேடும்பொழுது கை அம்முழங்காலில் முட்டி நிற்கும். டிராக்டரில் இருக்கை ஒன்றே; ஆளும் ஒருவரே.

உப்பளக் கரையில் பக்கத் தண்டுக்கு மற்றொரு பரீட்சை உண்டு. பல வண்டிகளில் தண்டிலிருந்து பெட்டிக்குக் கம்பிகளும் பந்து மூட்டுகளும் வெளிப்புறமாக அமைந்திருக்கின்றன. உப்புக் காற்றும், உப்பு ஏற்றும்பொழுது சிந்தும் தூளும், பாத்திகளினின்று தெறிக்கும் உவர் நீரும் இம்மூட்டுகளைக் குறுகிய காலத்தில் துருப்பிடிக்கச் செய்கின்றன. மூட்டு இறுகினால் தள்ளப் பலம் அதிகமாகும். தேய்ந்தால் ஆட்டம் கொடுத்து, குமிழ் முழுதும் நகர்ந்தும் கவை முழுதும் நகராது. மேலே சொன்ன பாதிக் கியரின் தொல்லை அப்பொழுது இருக்கை சரியாயிருந்தாலும் வரும். உப்பு இழுத்த நாளின் மாலையில் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுவதும், உலர்ந்தபின் ஒவ்வொரு மூட்டிலும் கிரீஸ் இடுவதும் ஒரு கால்மணி வேலைதான். நடுத்தண்டுக்காரர்களும் கவலையற்றிருக்க வேண்டாம். அவர்கள் பார்க்க வேண்டியது தண்டின் அடியிலுள்ள ரப்பர் உறையை. அது கிழிந்தால் பெட்டியின் உச்சியில் ஒரு வாய் திறந்ததாகவே அர்த்தம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரிக்கருகில் கரையேறிய ஃபெஞ்சல் புயல் இந்த ஜில்லாவில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வித வெள்ளத்தில் பெட்டிமட்டம் நீரில் நின்ற டிராக்டரை, கியர் எண்ணெயைப் பாராமல் ஓட்டுவது பெரும் பிழை. எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. முழுவதையும் வடித்துப் புது எண்ணெய் ஊற்றிய பிறகே வண்டியை நகர்த்தலாம்.

மோட்டார் வண்டிகளின் சரித்திரமும் இடத்தின் முக்கியத்தை விளக்கும். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் காரை அறியாத உத்தியோகஸ்தர் இலர். அதில் நெடுங்காலம் கியர்த் தண்டு தரையில் இல்லாமல், ஸ்டீயரிங் சக்கரத்தின் அடியிலேயே பக்கவாட்டில் நின்றது. முன்னிருக்கை முழுநீளப் பலகைபோல் இருந்து மூன்று பேர் உட்கார இடம் கிடைத்தது அதனால்தான். கையும் சக்கரத்தை விட்டு அதிக தூரம் போவதில்லை. ஆனால் அங்கிருந்து பெட்டிவரை நீண்ட கம்பிகள் செல்ல வேண்டியிருந்தமையால், வண்டி பழகப் பழக ஆட்டம் கண்டு, எந்தக் கியர் எங்கே இருக்கிறதென்று அந்த வண்டியின் டிரைவருக்கு மட்டுமே தெரியும் நிலை உண்டாயிற்று. பந்தயக் கார்க்காரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். 1989-இல் இத்தாலி தேசத்து ஃபெராரி கம்பெனி, தண்டையே நீக்கி, ஸ்டீயரிங் சக்கரத்தின் பின்னே விரலால் இழுக்கும் இரு சிறு தகடுகளை அமைத்துப் பந்தயத்தில் இறக்கியது. அவ்வாண்டின் முதல் பந்தயத்திலேயே அது ஜெயித்தது. கை சக்கரத்தை விட்டு அகலாமலிருப்பதற்கு அவர்கள் எவ்வளவு மதிப்புக் கொடுத்தார்கள் என்பதற்கு இதுவே சான்று. உழவுக்கு அவ்வளவு வேகம் வேண்டாம். ஆனால் கை சக்கரத்தை விட்டுச் சென்று திரும்பும் தூரம் குறைய வேண்டுமென்னும் நியாயம் வயலுக்கும் பொருந்தும்.

தண்டு அருகில் இருப்பதிலும் ஒரு குற்றம் உண்டு. கைக்கு வசதியாக நிற்கும் குமிழின்மேல் கையை ஊன்றிக்கொண்டே ஓட்டும் பழக்கம் வந்துவிடுகிறது. கையின் பாரம் தண்டின் வழியாகக் கவைக்குப் போய், அது சுழலும் வளையத்தில் ஓயாமல் உராய்கிறது. சில நூறு மணி நேரத்தில் கவையின் முகம் தேய்ந்துவிடும். கியர் மாற்றியவுடன் கை சக்கரத்துக்குத் திரும்ப வேண்டும்.

நான் நேரில் கண்ட ஒரு சம்பவத்தை இங்கே சொல்லுவது பயனுடையது. இப்பகுதியில் ஒரு நிலச்சுவான்தார் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி, குட்டையான வாலிபர் ஒருவரை ஓட்டுவதற்கு அமர்த்தினார். அவருக்குத் தண்டு எட்டவில்லை. ஒவ்வொரு முறையும் இருக்கையின் நுனிக்கு வந்தே கியர் போட்டார். சொந்தக்காரர் பையன்மீது இரக்கங்கொண்டு, வெல்டிங் பட்டறையில் தண்டின்மேல் ஆறங்குலக் குழாயைப் பற்றவைத்து, அதைப் பின்னோக்கி வளைத்துக் கொடுத்தார். சில வாரம் யாவரும் சந்தோஷமாக இருந்தனர். தண்டைப் பின்னே இழுக்கும் கியர்களில் மட்டும் குமிழ் இருக்கையின் விளிம்பில் முட்டி, முழுதும் போகாமல் நின்றுவிடுவதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒருநாள் உப்பு ஏற்றிய டிரெயிலரோடு உப்பளக் கரையிலிருந்து சாலைக்கு ஏறும் சரிவில் கியர் நழுவிற்று. வண்டி பின்னே உருண்டது; டிரெயிலர் மடங்கி வாய்க்காலில் சாய்ந்தது. ஓட்டிய பையனுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. உயிர் தப்பியது தெய்வாதீனம்.

மறுநாள் அவ்வண்டியைப் பார்த்தபொழுதுதான் உண்மை விளங்கியது. அதன் இருக்கை, முன்னும் பின்னும் நகரக்கூடிய தண்டவாளத்தின்மேல் அமைந்தது. முந்தைய சொந்தக்காரர் நெடிய மனிதராக இருந்திருக்க வேண்டும். இருக்கை கடைசிப் பல்லில் நின்று, உப்புக் காற்றில் துருவேறி அங்கேயே இறுகிவிட்டது. அது நகரும் என்பதே வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரவு ஊறவிட்டு, மரச் சுத்தியால் தட்டியதில் இருக்கை நான்கு பல் முன்னே வந்தது. பற்றவைத்த குழாயை அறுத்தெறிந்து பழைய தண்டையே வைத்தார்கள். வேறொருவரை அதே உயரத்தில் உட்காரவைத்துப் பார்த்தோம். முதுகு சாய்வில் பட்டவாறே எல்லாக் கியர்களும் எட்டின. ஆகவே தண்டு எட்டவில்லை என்று தோன்றும்பொழுது முதலில் கைவைக்க வேண்டியது இருக்கையில், தண்டில் அன்று. கம்பெனி கொடுத்த தண்டை வெட்டுவது, நீட்டுவது, வளைப்பது ஆகியவற்றை அறவே விலக்குதல் வேண்டும்.

சரிவைப் பற்றி இன்னொரு வார்த்தை. பாரவண்டியோடு ஏறவோ இறங்கவோ நேரும்பொழுது, மேட்டின் அடியிலேயே அல்லது உச்சியிலேயே வேண்டிய மெதுவான கியரைப் போட்டுக்கொண்டு, நடுவில் தண்டைத் தொடாமல் செல்ல வேண்டும். டீசல் மிச்சமாகும் என்று நடுநிலையில் உருளவிடுபவர்கள், வேகம் பிடித்தபின் கியரை மீண்டும் போட முடியாது என்பதை அனுபவத்தால் அறியும் வரை காத்திருக்கலாகாது. தண்டு எவ்வளவு நல்ல இடத்தில் இருந்தாலும் அப்பொழுது பல் சேராது.

புது டிராக்டர் வாங்குவோர் காட்சிச் சாலையில் செய்ய வேண்டிய சோதனை எளியது. பணச் செலவும் இல்லை. சொந்தக்காரர் தாம் ஏறிப் பார்ப்பதோடு நில்லாமல், நாள்தோறும் ஓட்டப்போகிறவரையே அழைத்துச் சென்று உட்காரவைக்க வேண்டும். எஞ்சின் ஓடாத நிலையில் கிளச்சை அழுத்தி, ஒவ்வொரு கியரையும் பின்கியரையும் வேக வரிசை மாற்றும் சிறு தண்டையும் போட்டுப் பார்க்கட்டும். கண்ணை மூடிக்கொண்டும் ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும். எந்த நிலையிலாவது விரல் முட்டுகள் ஸ்டீயரிங் சக்கரத்திலோ மட்கார்டிலோ இடிக்கின்றனவா, முழங்கால் தடுக்கின்றதா, பின்னே திரும்பிப் பார்த்தபடி பின்கியர் எட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். சேற்றுழவு செய்பவரானால் செருப்பில்லாத காலோடு இரு முறை ஏறி இறங்கியும் பார்க்கலாம். மத்தியப் பிரதேசத்தில் பூத்னியில் 1955 முதல் நடைபெற்று வரும் மத்திய சர்க்காரின் பண்ணை யந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் டிராக்டர்களைப் பரீட்சித்து அறிக்கைகள் வெளியிடுகிறது. இழுப்புச் சக்தி, எண்ணெய்ச் செலவு இவற்றோடு ஓட்டுபவரின் இருக்கை, கட்டுப்பாடுகள் இவற்றைப் பற்றிய குறிப்பும் அவற்றில் உண்டு. விற்பவரிடம் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கூட்டுறவுச் சங்கங்களின் மூலமாகவும் வாடகை நிலையங்களின் மூலமாகவும் பலர் ஒரே டிராக்டரை ஓட்டும் இடங்களில், கிராம உத்தியோகஸ்தர்களும் சங்க நிர்வாகிகளும் ஒரு சிறு ஏற்பாடு செய்யலாம். வேலைக்கு வண்டியை ஒப்புவிக்கும்பொழுது, சாவியைக் கொடுக்கும் முன்னே, இருக்கையை அன்றைய ஓட்டிக்குத் தக்கபடி நகர்த்தி நிறுத்தச் சொல்ல வேண்டும். இருக்கைத் தண்டவாளத்தில் மாதம் ஒரு முறை எண்ணெய் விட்டிருக்கிறதா என்றும் பார்க்கலாம். குமிழின்மேல் பொறித்த கியர் எண்கள் பெரும்பாலான பழைய வண்டிகளில் தேய்ந்து மறைந்திருக்கும். வண்டிக்குப் புதியவர் பின்கியர் என்றெண்ணி முன்கியரைப் போட்டுக் கிணற்றோரத்திலோ வரப்போரத்திலோ தடுமாறுவதற்கு அதுவே காரணம். ஒரு சிறு டப்பா வெள்ளைப் பெயிண்டும் மெல்லிய தூரிகையும் கொண்டு அவ்வெண்களைப் புதுப்பிக்கலாம். அல்லது டாஷ்போர்டில் கண்ணுக்கு எதிரே கியர்களின் படத்தைப் பெரிதாக எழுதி வைக்கலாம். உப்புக் காற்றில் பெயிண்டு நெடுநாள் நிற்காதாகையால், மணிலா விதைப்புக்கு முன் ஒரு முறையும் உப்புக் காலம் தொடங்கும்பொழுது ஒரு முறையுமாக ஆண்டுக்கு இருமுறை எழுத வேண்டும்.